புழுக்கை விழாத தடம்

ஐப்பசி கடைசி வாரத்தில் ஒரு காலை, கிடையைப் பெருக்கும்போதுதான் வெண்மதி அதை முதலில் பார்த்தாள்.

புருஷன் அன்பரசு ஆடுகளை மேட்டுக்கு ஓட்டிப் போன பிறகு, வீட்டின் பின்னால் வலை கட்டிய கிடைக்குள் புகுந்து புழுக்கையைக் கூட்டிக் குவிப்பது அவள் வேலை. எண்பது செம்மறிகள் படுத்து எழுந்த இடம். கால் வைக்க இடமில்லாமல் கறுப்பாகக் கொட்டிக் கிடக்கும். அன்று கிடையின் மேற்குக் கோடியில் தொடங்கி வீட்டின் பின்மூலையை நோக்கி, இரண்டு முழ அகலத்துக்கு ஒரு தடம் வெறும் செம்மண்ணாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் புழுக்கை. தடத்தில் ஒன்றுகூட இல்லை.

ஈரமாக இருக்குமோ என்று குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். காய்ந்த மண். முள் இல்லை, எறும்பு இல்லை.

"மாமா, இங்க கொஞ்சம் வாங்களேன்."

முளைக்குச்சியைச் சீவிக்கொண்டிருந்த மாமனார் கண்ணாயிரம் அரிவாளைக் கீழே வைக்காமலே வந்தார்.

"இன்னாம்மா?"

"இந்த எடத்துல மட்டும் ஆடு படுக்கல மாமா. பாருங்க, கோடு போட்ட மாதிரி."

"ஆடு எங்கெங்க படுக்கணும்னு நீ சீட்டு எழுதி ஒட்டியிருந்தியா? ஊதக்காத்துக்கு ஒதுங்கிப் படுத்திருக்கும். பெருக்கிட்டுப் போ."

வேலிக்கு அந்தப் பக்கம் விறகு ஒடித்துக்கொண்டிருந்த செல்லாயிக்குக் காது கூர்மை. கண்ணாயிரத்துக்கு அவள் கொழுந்தியாள் முறை. "உங்க வூட்டு பாத்ரூமு வாசன ஆட்டுக்கு ஆவல போலருக்குது மச்சான்" என்றாள். "ஆடு கூட ஒதுங்கிப் படுக்குது."

"உனுக்கு ஒண்ணு கட்டித் தரலன்னு வயித்தெரிச்சல்."

"எனுக்கு எதுக்கு? எனுக்கு முந்திரித் தோப்பே பாத்ரூமுதான்."

கண்ணாயிரம் சிரித்துக்கொண்டே போனார். வெண்மதிக்குச் சிரிப்பு வரவில்லை. தடம் போய் முடியும் திசையில் பார்த்தாள். அங்கே அவர்கள் படுக்கும் அறை இருந்தது. மூன்று வயது இலக்கியா இன்னும் எழுந்திருக்கவில்லை.

மேல்பட்டாம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, கெடிலத்தைத் தாண்டித் தெற்கே ஏறினால் செம்மண் மேடு தொடங்கிவிடும். மேலே முந்திரி, சரிவில் மேய்ச்சல், சரிவின் காலடியில் முப்பது வீடுகள். செம்பள்ளம் என்று பெயர். கோடையில் அந்த மண்ணில் கடப்பாரை இறங்காது. மழையில் ஒரே இடத்தில் நாலு குடம் தண்ணீர் ஊற்றினால் போதும், கரைந்து வழி விட்டுவிடும். ஆடு நடந்த தடத்தில் தண்ணீர் நடக்கும். தண்ணீர் நடந்த இடம் மறு வருஷம் முழங்கால் ஆழம், அதற்கு மறு வருஷம் ஆள் ஆழம். அப்படி உண்டான ஓடைகள் ஊரைச் சுற்றி ஏழெட்டு இருந்தன. தண்ணீர் கீழே ஓடினாலும் ஓடை வளர்வது மேலே, வீடுகளை நோக்கித்தான். அதன் தலைமாட்டை ஊரில் ஓடைவாய் என்பார்கள். ஒவ்வொரு மழைக்கும் அந்த வாய் கொஞ்சம் கடித்துக்கொண்டு வரும்.

போன கார்த்திகையில் அப்படி ஒரு வாய் கண்ணாயிரம் வீட்டுக்குப் பின்னால் முப்பதடி வரைக்கும் வந்துவிட்டது. வைகாசியில் அப்பனும் மகனும் அதை மூடினார்கள். முந்திரிக் கழி, பனை மட்டை, அதன்மேல் எட்டு டிராக்டர் செம்மண். மூடிய மண்ணை இறுக்குவதற்கு அந்த ஊருக்கென்று ஒரு வழக்கம் உண்டு. அதன்மேலேயே கிடையை மடக்கிவிடுவார்கள். எண்பது ஆடு, முந்நூற்று இருபது கால். களத்துமேடானாலும் சரி, புது வரப்பானாலும் சரி, ஆட்டுக்கால் மிதித்தால் கல்லாகிவிடும் என்பது கண்ணாயிரத்தின் அப்பா காலத்துப் பேச்சு.

ஆடியில் மண்ணைப் பற்றிக் கணக்கெடுக்க வந்த ஸ்ரீதர் என்ற இளைஞர் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"பள்ளத்த மூடினா மட்டும் நிக்காதுங்க ஐயா. தண்ணி மேலேர்ந்து வர்றத நிறுத்தணும். சரிவுல மூணு வருஷம் ஆடு விடாம இருங்க. புல்லு புடிச்சா தண்ணி அங்கயே நின்னுடும். இந்த மண்ணு மேல கெட்டியா இருக்கும், உள்ள தண்ணி பொந்து போட்டுக்கிட்டே போவும். வெளிய தெரியாது."

"மூணு வருஷம் ஆட்ட உன் ஆபீசுல கட்டட்டுமா தம்பி?" என்றார் கண்ணாயிரம். ஸ்ரீதரும் சிரித்துவிட்டார். மோர் குடித்துவிட்டுப் போனார். அவர் சொன்னதில் 'உள்ள பொந்து' என்ற சொல் மட்டும் வெண்மதியிடம் தங்கிவிட்டது.

அவள் சிதம்பரத்துக்குக் கிழக்கே வயல்காட்டில் பிறந்தவள். அவள் ஊர் மண் களிமண். செருப்பில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வரும். அறுப்பு முடிந்த ஒரு மாசியில் அவள் அப்பா மணவாளன் வயலுக்கு எருவாகக் கிடை போட வெளியூர் ஆடுகளைக் கூப்பிட்டார். ஆட்டோடு வந்தவன்தான் அன்பரசு. பி.காம். கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தவள் வரப்பில் சோற்றுத் தூக்கோடு நடந்து போய், இருபது நாளில் அவனோடு வாழ்க்கை முழுக்க நடப்பதென்று முடிவு செய்துவிட்டாள். "கெடை போட வந்தவன் ஆட்ட ஓட்டிக்கினு போவான். நீ பொண்ண ஓட்டிக்கினு வந்துட்ட" என்று செல்லாயி இன்றைக்கும் சொல்வாள்.

கல்யாணம் பேசும்போது வெண்மதி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். வீட்டுக்குள் ஒரு குளியலறை. அதை அவன் மறக்கவில்லை. கல்யாணமான இரண்டாம் வருஷம், பழைய வீட்டின் பின்புறத்தோடு ஒட்டி ஓர் அறை எழுப்பினான். பழனிவேல் கொத்தனார் சுவர் வைக்க, இவனே சித்தாளாக நின்றான். மேற்கே பெரிய ஜன்னல், ஜன்னலருகே அவளுடைய தையல் மெஷின், மூலையில் வெள்ளை ஓடு பதித்த குளியலறை. தண்ணீர் போக வெளியே ஒரு குழி வெட்டி, செங்கல் ஜல்லி போட்டு மூடினார்கள். அந்தக் குழி ஒருநாள்கூட நிரம்பி வழிந்ததில்லை. "எவ்ளோ ஊத்துனாலும் குடிக்குதுப்பா. நல்ல மண்ணு" என்று பழனிவேல் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். எல்லோருக்கும் அது சந்தோஷமாகத்தான் இருந்தது. குடித்த தண்ணீர் எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை.

தடத்தைப் பார்த்த அன்று மத்தியானம் மெஷினில் உட்கார்ந்து இலக்கியாவுக்குக் கவுன் தைத்துக்கொண்டிருந்தாள். நூல்கண்டு கை தவறி விழுந்தது. உருண்டு உருண்டு குளியலறைக் கதவில் போய் இடித்து நின்றது. எடுத்து வந்து, அறையின் இந்தக் கோடியில் வேண்டுமென்றே வைத்தாள். நின்றது. பிறகு மெதுவாக நகர ஆரம்பித்தது. அதே கதவு.

"அம்மா, மறுபடி வுடு" என்று கட்டிலில் இருந்து கை தட்டினாள் இலக்கியா.

சாயங்காலம் அன்பரசுவிடம் சொன்னாள். "ஏங்க, தரை சாஞ்சிருக்கா?"

"தண்ணி வாட்டத்துக்கு அப்டிதான் போடுவாங்க மதி."

"அது பாத்ரூமுக்குள்ளதானே? ரூமுக்கு எதுக்கு வாட்டம்?"

அவன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். "மோட்டார் கொட்டாய்ல குளிச்சிட்டு வரேன்."

ஐந்தாறு நாளாக அவன் அங்கேதான் குளிக்கிறான். ஆட்டு நாற்றத்தோடு உள்ளே வரக் கூச்சமாக இருக்கிறது என்றான். அவளையும் தண்ணீரைச் சிக்கனமாக ஊற்றச் சொன்னான். தன்மேல் ஏதோ கோபம் என்று அவள் நினைத்தாள். கட்டிக்கொடுத்த அறையைக் குறை சொன்னதாக எடுத்துக்கொண்டானோ என்று இப்போது அதுவும் சேர்ந்துகொண்டது.

மறுநாள் தடம் இன்னும் நீண்டிருந்தது. அதற்கு மறுநாள், வலைக்கு இந்தப் பக்கம் கட்டிப் போட்டிருந்த குட்டிகள்கூட அந்த மூலையை விட்டு விலகி, கயிறு இழுக்கும் மட்டும் தள்ளிப் படுத்திருந்தன. வெண்மதி பெருக்குவதை நிறுத்திவிட்டு அந்த வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றாள். விளக்குமாற்றின் அடியால் தட்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது. தட்டத் தைரியம் வரவில்லை.

அதற்கடுத்த நாள் விடிந்ததிலிருந்தே மழை. கடலூருக்கு வெளியே புயல் சின்னம் என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேட்டிலிருந்து சிவப்பாகத் தண்ணீர் இறங்க ஆரம்பித்திருந்தது. மேய்ச்சல் கிடையாது. அன்பரசு மழையிலேயே போய்த் தழை ஒடித்து வந்து ஆட்டுக்குப் போட்டுவிட்டு, பழைய வீட்டுத் தாழ்வாரத்தில் டீ குடித்தான். கேழ்வரகு அடை வேகும் வாசனை. அடையைத் திருப்பிப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, சுவரில் இரண்டு தொரட்டிகள் சாய்த்து வைத்திருப்பதை வெண்மதி பார்த்தாள். ஒன்று இப்போது தழை ஒடித்தது. மழையில் கழுவிச் சுத்தமாக இருந்தது. மற்றது தாழ்வாரத்துக்குள்ளேயே நின்ற பழைய தொரட்டி. பன்னிரண்டடி மூங்கில். அதன் அடியிலிருந்து நுனிக் கொக்கி வரைக்கும் செம்மண் பூசிக் காய்ந்திருந்தது.

தழை ஒடிக்கிற கழியில் மண் ஒட்ட வேலை இல்லை. அதுவும் முழுக் கழியில்.

"இத எதுக்குள்ள விட்டீங்க?"

அன்பரசு டீக் குவளையைப் பார்த்தான்.

"கேக்கறேன்ல? எதுக்குள்ளங்க விட்டீங்க?"

"ஓடைக்குக் கீழ" என்றான் கடைசியில். "நம்ப மூடுன எடத்துக்குக் கீழ, ஓடைச் செவுத்துல ஒரு பொந்து கெடக்குது. குள்ளநரி வளைன்னு நெனச்சித்தான் விட்டேன். முழுக்கப் போயிடிச்சி மதி. எங்கயுமே முட்டல."

"எந்தப் பக்கமா போச்சு?"

அவன் முகவாயை வீட்டுப் பக்கம் லேசாகத் திருப்பினான்.

"எப்ப பாத்தீங்க?"

"ஒரு வாரம் ஆவுது. நீ துணி தொவச்சிக்கினு இருந்த. நான் கீழ ஆட்டுக்குட்டி தேடிப் போனேன். பொந்துலேர்ந்து நுரையா வந்துது. மோந்து பாத்தேன். உன் சோப்பு."

வெண்மதி அடுப்பை அணைத்தாள்.

"ஒரு வாரமா தெரிஞ்சும் பிள்ளைய அங்க படுக்க வச்சிருக்கீங்க."

"இல்ல மதி. தண்ணி ஊத்தாம இருந்தா நின்னுடும்னு பாத்தேன். பழனிவேலு அண்ணன்கிட்ட கேட்டு வேற பக்கம் பைப்பு திருப்பிடலாம்னு…" அவன் குவளையைக் கீழே வைத்தான். "நீ கேட்டது அது ஒண்ணுதான. அதுவே இப்டி ஆவும்னு உன்கிட்ட எப்டி சொல்றது?"

அவள் அறைக்குள் ஓடிப் போய், தூங்கிக்கொண்டிருந்த இலக்கியாவைப் போர்வையோடு வாரிக்கொண்டு வந்தாள். திரும்ப வரும்போது தன் எடைகூடத் தரைக்குத் தெரியக்கூடாது என்பதுபோல நுனிக்காலில் நடந்தாள். கட்டிலை அன்பரசு தூக்கி வந்து பழைய வீட்டின் முன்கட்டில் போட்டான்.

கண்ணாயிரம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நம்பவில்லை. நம்பவில்லை என்பதைவிட நம்ப மறுத்தார்.

"பொந்து எல்லா ஓடையிலயும்தான் கெடக்குது. அஞ்சு மாசமா ஆடு மிதிச்ச மண்ணுடா. ஆட்டுக்கால் மிதிச்ச மண்ணு எறங்கி நான் பாத்ததில்ல."

"சோப்பு நுரை வந்துதுப்பா."

"வரட்டுமே. தண்ணின்னா எங்கனா போவத்தான செய்யும்? ரெண்டு பேரும் பயந்துகினு ரூம காலி பண்ணிட்டீங்க. சரி, நல்லதாப் போச்சி. குட்டிங்க வெளிய வெறைக்குது. மனுசன் படுக்கலன்னா ஆடு படுக்கட்டும்."

"வேணாம் மாமா" என்றாள் வெண்மதி.

"நாலு குட்டி நேத்தே ஒதறல் எடுத்துடிச்சி. சாவ உட சொல்றியா?"

மழைக்குள் போய் வலையை அவிழ்த்து, தாய் ஆடுகளையும் குட்டிகளையும் பிரித்து, இருபது இருபத்தைந்து உருப்படிகளைப் பழைய வீட்டு வழியாக அறைக்குள் விட்டார். வெண்மதி இலக்கியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பழைய வீட்டையும் அறையையும் சேர்க்கும் வாசற்படியில் நின்றாள். அதைத் தாண்டி அவள் கால் போகவில்லை.

நனைந்த ஆடு சூடு தேடும். இடம் கிடைத்தால் பரவிப் படுக்கும். இவை பரவவில்லை. வாசலோரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு நின்றன. குட்டிகள் காலடியில் நசுங்கிக் கத்தின. அறையில் பாதிக்குமேல் காலி. ஜன்னலோரம், மெஷினைச் சுற்றி, குளியலறைக் கதவு வரைக்கும் ஒரு குளம்புகூடப் படவில்லை.

"தே! போ! உள்ள போ!" கண்ணாயிரம் கோலால் தட்டினார். முன்னாடி நின்ற கிழட்டுத் தாய் ஆடு இரண்டடி வைத்தது. தலையைத் தாழ்த்தித் தரையை மோந்தது. பின்வாங்கி அவர் காலுக்கிடையில் புகுந்துகொண்டது.

கண்ணாயிரத்தின் முகம் மாறியதை வெண்மதி பார்த்தாள். ஆனால் வாய் விட்டுக்கொடுக்கவில்லை. "புது எடம். பயப்படுது. நான் போனா வரும்" என்று தானே நடந்தார். மெஷினைத் தாண்டினார். குளியலறைக் கதவருகே நின்று திரும்பினார்.

"அப்பா, வந்துடு" என்றான் அன்பரசு.

"இன்னாடா வந்துடு? கல்லு மாதிரி இருக்குது. பாரு!"

காலைத் தூக்கி ஓங்கி மிதித்தார்.

தொம் என்றது.

கல்யாண வீட்டில் காலி அண்டாவைத் தட்டினால் வரும் சத்தம். அது அடங்கவும் இல்லை. தரைக்குக் கீழே எங்கோ நீளமாகப் போய், அதன் முடிவில் பொலபொலவென்று மண் உதிர்ந்து தண்ணீரில் விழுவது கேட்டது.

ஆடுகள் கத்துவதை நிறுத்திவிட்டன. கண்ணாயிரம் மிதித்த காலை எடுக்கவில்லை. எடுத்தால் என்ன ஆகுமோ என்று அப்படியே நின்றார். அறுபத்தேழு வயதில் அந்த மேட்டின் பாம்புக்கும் இடிக்கும் பயப்படாத மனிதர். உதடு மட்டும் அசைந்தது.

"அம்மாடி" என்றார், மருமகளைப் பார்த்து.

"மாமா. கீழ பாக்காதீங்க. என்னப் பாருங்க." தன் குரல் எப்படி அவ்வளவு நிதானமாக வந்தது என்று வெண்மதிக்கே தெரியவில்லை. "காலத் தூக்காதீங்க. தேச்சிக்கிட்டே வாங்க. செவுத்தோரமா. அப்டித்தான். அவசரமில்ல மாமா."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு காலைத் தேய்த்துத் தேய்த்து வந்தார். எட்டடி தூரம். மெஷின் பக்கத்தில் வந்தபோது ஜன்னல் கண்ணாடி தானாக விரிசல் விட்டது. இலக்கியா தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கைக்கெட்டும் தூரம் வந்ததும் அன்பரசு அப்பாவின் வேட்டியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். வெண்மதி வாசற்படியை விட்டு விலகியதுதான் தாமதம், ஆடுகள் எல்லாம் பழைய வீட்டுக்குள் பாய்ந்து, அடுப்படி வழியாக முன்வாசலுக்கு ஓடின.

அன்பரசு திரும்பி மெஷினைப் பார்த்தான்.

"அத மட்டும் தூக்கிட்டு வந்துடறேன் மதி. நாலே எட்டு."

"வேணாம்."

"உங்கப்பா வாங்கிக் குடுத்தது."

"எங்கப்பா எனக்கு அத மட்டுமா குடுத்தாரு?" என்று அவன் சட்டையைப் பிடித்தாள். "போனீங்கன்னா நானும் வருவேன். பிள்ளையோட வருவேன்."

அவன் போகவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்கு அது நடந்தது. இடி மாதிரி விழவில்லை. குளியலறை, களைத்த ஆள் உட்காருவதுபோல அப்படியே உட்கார்ந்தது. வெள்ளை ஓடுகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. பிறகு ஜன்னல் சுவர். பிறகு கிடை நின்ற இடத்தில் மண் கோடாகப் பிளந்து தாழ்ந்தது. புழுக்கை விழாத அந்தத் தடம், அங்குலம் மாறாமல், ஓடையாகத் திறந்துகொண்டது. வைகாசியில் போட்ட முந்திரிக் கழிகள் எலும்புபோல வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மிச்சமிருந்த ஆடுகளைச் செல்லாயியும் பழனிவேலும் முன்னமே முன்வாசலுக்கு ஓட்டியிருந்தார்கள்.

பாதி அறை மிஞ்சியது. விளிம்பில் தையல் மெஷின், ஊசிக்கடியில் பாதி தைத்த கவுனோடு, நின்றுகொண்டிருந்தது. செல்லாயி வாயைத் திறந்தாள். ஒரு கேலியும் வரவில்லை. "எம்மா" என்று மட்டும் சொல்லி இலக்கியாவை வாங்கிக்கொண்டாள்.

பொழுது சாயும்போது மழை விட்டது. முன்வாசலில் வலை கட்டி ஆடுகளை மடக்கினார்கள். கண்ணாயிரம் மருமகளைக் கூப்பிட்டார்.

"உங்கப்பாருக்கு போன் போட்டுக் குடும்மா. தையில அறுப்பு ஆனதும் நம்ப ஆட்ட அந்தப் பக்கம் ஓட்டியாரலாமான்னு கேக்கணும். மேட்ட கொஞ்ச வருசம் சும்மா உட்டுடலாம். மண்ணு பாக்க வந்த அந்தப் பையன் சொன்னான், நான்தான் சிரிச்சேன்."

"அவரு கட்டாயம் வரச் சொல்லுவாரு மாமா."

"கேக்க ஒரு மாதிரியா இருக்குது. சம்பந்தி வூட்டுக்கு ஆட்டோட போறதா?"

"உங்க பிள்ளை அப்டித்தானே வந்தாரு" என்றாள் வெண்மதி. அந்த நாளில் முதல்முறையாக யாரோ லேசாகச் சிரித்தார்கள். அன்பரசுதான்.

ஆனால் படுத்த பிறகு மூன்று பேருமே தூங்கவில்லை. தண்ணீர் எங்கெங்கே போயிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பழைய வீட்டின் தரையிலும் காது வைத்துப் பார்க்கத் தோன்றியது. யாரும் வைக்கவில்லை.

விடிந்ததும் வெண்மதி விளக்குமாற்றோடு முன்வாசலுக்குப் போனாள். ஆடுகள் எழுந்து நின்றன. அன்பரசு வலையை அவிழ்த்து அவற்றைத் தெருப்பக்கம் ஒதுக்கினான். அவனும் பார்த்தான். கண்ணாயிரமும் திண்டில் கையூன்றி எழுந்து வந்தார். மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள்.

வேலியோரம் புழுக்கை இருந்தது. முருங்கையடியில் இருந்தது. அவள் ஒவ்வொரு அடியாக வீட்டை நோக்கிக் கண்ணை நகர்த்தினாள். நடுவாசலில் இருந்தது. படிக்குக் கீழே இருந்தது. முதல் படிக்கல்லின் மேலேயே, எந்த ஆடோ ஏறிப் படுத்திருந்து, ஒரு குவியல்.

எங்கும் ஒரு வெறும் இடம் இல்லை.

வெண்மதி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படியில், அந்தக் குவியலுக்குப் பக்கத்திலேயே, உட்கார்ந்தாள்.

"பெருக்கலியா மதி?" என்றான் அன்பரசு.

"கொஞ்ச நேரம் கெடக்கட்டும்" என்றாள். "பொழுதுக்குள்ள பெருக்கிடணும். நாளைக்கும் பாக்கணும்."